நாலாவது லைனும் ஒரு ‘ரிட்டர்ன்’னும்

ஃபங்ஷன்னு சொன்னா நம்ம வீட்ல காதுகுத்தா, வளைகாப்பான்னு கேப்பாங்க. இன்னைக்கு நாம பேசப் போறது பைத்தான்ல வர்ற ஃபங்ஷன் பத்தி. அது எங்கேருந்து வந்துச்சுங்கிற கதை. கதை நடக்கிறது இங்கிலாந்துல. ஆனா அதுக்கு முன்னாடி கும்மிடிப்பூண்டி போயிட்டு வந்துடலாம்.

இன்ஜினியரிங் முடிச்சதும் என்னோட முதல் வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்ல, உதிரி பாகம் செய்யற ஒரு தொழிற்சாலையில. தினமும் லோக்கல் ட்ரெயின். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டைன்னு ஸ்டேஷன் போயிட்டே இருக்கும், நான் போன்ல பைத்தான் கத்துக்கிட்டிருப்பேன். அங்கே ஷிஃப்ட் முடிஞ்சதும் கையால போட்டுக்கிட்டிருந்த ரிஜெக்‌ஷன் கணக்கை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்டா எழுதினேன். மொத்தம் நாலு லைன். முதல் லைனுக்கு எழுதின கணக்கை அப்படியே காப்பி பண்ணி மத்த மூணுக்கும் ஒட்டினேன். ஓடுச்சு. எல்லாரும் பாராட்டினாங்க.

ஒரு மாசம் கழிச்சு கணக்கு மாறுச்சு. சரிசெஞ்சு பாஸ் ஆன ரீவொர்க் பீஸ்களை ரிஜெக்‌ஷன்ல சேர்க்கக் கூடாதுன்னு சொன்னாங்க. மூணு இடத்துல திருத்தினேன். நாலாவதை மறந்துட்டேன். எரர் எதுவும் வரல, அதுதான் பிரச்சனையே. ரெண்டு வாரம், காலை மீட்டிங்ல நாலாவது லைன் மட்டும் மோசமாத் தெரிஞ்சுது. அந்த லைனைப் பார்த்துக்கிட்ட அண்ணன் தினமும் திட்டு வாங்கினார். “தம்பி, எங்க லைன்ல எதுவும் மாறலையே, கணக்கை ஒரு தடவை பாருங்களேன்”னு அவர் வந்து கேட்டப்பதான் கோடைத் திறந்து பார்த்தேன்.

இந்தத் தலைவலி கம்ப்யூட்டர் அளவுக்கே பழசு. 1949 மே 6-ம் தேதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி முதல் முறையா ஒரு நிரலை ஓட்டியது. அதைக் கட்டிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். அடுத்து அவர் எழுதிய 126 கட்டளை கொண்ட ஒரு நிரலில் சுமார் 20 பிழைகள் இருந்தன. மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரலில் இருக்கும் பிழைகளைத் தேடுவதிலேயே போகப் போகுதுன்னு அப்போ உறைச்சதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அவங்க கண்டுபிடிச்ச தீர்வுதான் சப்ரூட்டின். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை ஒரு தடவை எழுதி, சரிபார்த்து, காகித டேப்பில் துளையிட்டு, ஒரு இரும்பு அலமாரியில் வெச்சாங்க. வர்க்கமூலம் வேணுமா? அந்த டேப்பை எடுத்து உங்க நிரலோட சேர்த்துக்கலாம். நிரலுக்குள்ள ஒரே ஒரு பிரதி இருந்தா போதும். தேவைப்படுற இடத்துலேருந்தெல்லாம் அங்கே தாவிப் போகலாம்.

போறது சுலபம். ஆனா திரும்பி எங்கே வர்றது? பத்து இடத்துலேருந்து கூப்பிடுறோம், யார் கூப்பிட்டாங்கன்னு ஞாபகம் வெச்சுக்க அந்த இயந்திரத்தில் தனி வசதி கிடையாது. இதைத் தீர்த்தவர் டேவிட் வீலர். அப்போ அவருக்கு வயசு 22. போகும்போதே ‘நான் இந்த இடத்துலேருந்து வர்றேன்’ என்ற குறிப்பைக் கையோட கொண்டு போகணும். சப்ரூட்டின் அந்தக் குறிப்பை வெச்சு, ‘அங்கேயே திரும்பிப் போ’ன்னு தன்னோட கடைசிக் கட்டளையைத் தானே எழுதிக்கும். இதுக்குப் பேரு வீலர் ஜம்ப். 1951-ல் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூணு பேரும் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே போட்டாங்க.

1991-ல் கைடோ வான் ராஸம் பைத்தானை வெளியிட்டப்போ, இந்த வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாம உள்ளே போயிடுச்சு. நாம ‘டெஃப்’ போட்டுப் பேர் வைக்கிறோம். பேர் வெச்சா மட்டும் ஓடாது, கூப்பிடணும். வேலை முடிஞ்சா ‘ரிட்டர்ன்’.

புதுசா கத்துக்கிறவங்க பெரும்பாலும் தடுமாறுறது இங்கேதான். ‘ரிட்டர்ன்’க்குப் பதிலா ‘பிரிண்ட்’ போடுவாங்க. திரையில விடை தெரியும். ஆனா கூப்பிட்டவர் கைக்கு வர்றது ‘நன்’, அதாவது ஒண்ணுமில்லை. இதை எனக்குப் புரிய வெச்சது ஒரு தமிழ்ச் சொல். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ தமிழ் நிரல்மொழி பற்றிய ஆய்வுக் கட்டுரை 2009-ல் வந்தது. பைத்தானில் எழுதப்பட்ட அந்த மொழியில் ஃபங்ஷனை ‘நிரல்பாகம்’னு தொடங்கி ‘முடி’ன்னு முடிக்கணும். பிரிண்டுக்கு ‘பதிப்பி’, ரிட்டர்னுக்கு ‘பின்கொடு’. பதிப்பிக்கிறது ஊருக்குக் காட்டுறது, பின்கொடுக்கிறது கேட்டவருக்குத் தர்றது. ரெண்டும் வேற வேலை.

அன்னைக்கு ராத்திரி அந்த நாலு ஒட்டையும் அழிச்சிட்டு, ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதினேன். மொத்த பீஸ், ரிஜெக்ட், ரீவொர்க் மூணையும் கொடுத்தா சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கும். நாலு லைனும் அதையே கூப்பிடும். மறுநாள் மீட்டிங்ல, தப்பு லைன்ல இல்ல, என் ஸ்கிரிப்ட்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்.

ஃபங்ஷன் எழுதினா தப்பே வராதுன்னு இல்ல. ஒரே இடத்துல தப்பு பண்ணா நாலு லைன் கணக்கும் சேர்ந்தே தப்பாகும். ஆனா அப்போ எல்லாரும் கேள்வி கேப்பாங்க. ஒருத்தர் மட்டும் ரெண்டு வாரம் தனியா திட்டு வாங்க மாட்டார்.

உங்க கோடைத் திறங்க. ரெண்டு தடவைக்கு மேல ஒட்டினது ஏதாவது இருக்கான்னு தேடுங்க. இருந்தா, இன்னைக்கே அதுக்கு ஒரு பேர் வைங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.