கல் சொல்வதும் சொல்லாததும்: மும்பை தூய தோமையர் பேராலயம்

தினமும் 'சர்ச்கேட்' என்று சொல்லி டிக்கெட் வாங்குகிறோம். எந்த சர்ச், எந்த கேட் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நானும் கேட்டதில்லை. செஞ்சிப் பக்கத்திலிருந்து 1978இல் இங்கு வந்து பாத்திர வியாபாரத்தில் காலூன்றியவன் நான். பேங்க், பில் என்று கோட்டைப் பகுதிக்குப் போகும்போதெல்லாம் அந்த ஆலயத்தைக் கடந்துதான் போவேன். "நாம சமணர், நமக்கு அங்கே என்ன வேலை" என்று முப்பது வருஷம் உள்ளே கால் வைக்கவில்லை. கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகுதான் ஒருநாள் நுழைந்தேன்.

சென்னை சாந்தோமில் நாம் அறிந்த அதே தோமையரின் பெயர்தான் இதற்கும். சூரத்திலிருந்து பம்பாயையும் ஆண்ட கவர்னர் ஜெரால்டு ஆஞ்சியர் 1676இல் இதைத் தொடங்கினார். அடுத்த வருஷமே காலமானார். வேலை நின்றுபோயிற்று. ஏறத்தாழ 40 ஆண்டுகள் அரைகுறைச் சுவர்களாகவே நின்றன. ரிச்சர்டு காப் என்ற பாதிரியார் வந்து, பணம் திரட்டி, 1718 கிறிஸ்துமஸ் அன்று திறந்துவைத்தார். கோட்டை மதிலில் இதை நோக்கிய வாயில்தான் 'சர்ச் கேட்'. 1860களில் மதிலை இடித்தார்கள். வாயில் போயிற்று, பெயர் மட்டும் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. 1837இல் பம்பாய்க்குத் தனி பிஷப் வந்தபோது இது பேராலயமாயிற்று. மறு ஆண்டு கோபுரமும் கடிகாரமும் எழுந்தன.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு செய்தி. திறப்பு விழாவைப் பற்றிக் காப் எழுதிய குறிப்பில், ராமா காமத்தி என்ற இந்து வியாபாரி தம் சாதியாருடன் வந்து, வழிபாடு முடியும்வரை நின்று பார்த்தார் என்று வருகிறது. வாலுகேசுவரர் கோயிலை 1715இல் புதுப்பித்துக் கட்டியவர் இவர்தான். கம்பெனிக்கு வேண்டிய பெரிய வணிகர். ஆனால் இரண்டே வருஷத்தில், 1720இல், மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயோடு ரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்று வழக்கு வந்தது. அவரிடம் வேலை பார்த்தவரைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். சொத்தெல்லாம் பறிபோய், சிறையிலேயே இறந்தார். அந்தக் கடிதங்கள் போலி என்பது பின்னால்தான் தெரியவந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பெயரிலும் ஒருவர் போலிக் கையெழுத்துப் போட்டு, நான் வாங்காத சரக்குக்கு மூன்று வருஷம் அலைந்தவன் நான். வெளியூரில் பிழைக்க வந்தவனுக்கு நாணயம்தான் முதல். அது போனால் என்ன மிஞ்சும் என்பது அந்த மூன்று வருஷத்தில் தெரிந்தது.

எங்கள் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பழங்கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் நிசீதிகை அது. சின்ன வயசிலிருந்தே அதைத் தொட்டுப் பார்த்தவனாதலால், கல்லில் எழுதியது எல்லாம் எனக்கு வேதம். பேராலயத்துச் சுவர்கள் முழுக்க நினைவுக் கற்கள்: மாலுமிகள், சிப்பாய்கள், இளவயதில் போன பெண்கள். நானும் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். கவர்னர் ஜொனாதன் டங்கன் 1811இல் இறந்தவர். காசியிலும் கத்தியவாரிலும் பெண்சிசுக் கொலையை ஒழித்தவர் என்று அவருடைய நினைவுச் சின்னம் சொல்கிறது. அஹிம்சையைக் குலதர்மமாகக் கொண்டவன் கைகூப்ப வேண்டிய காரியம்தான். ஆனால் ஒழிந்ததா? ஒழிந்திருந்தால் 1870இல் அதற்கென்று தனிச்சட்டம் எதற்கு? நம் தமிழ்நாட்டிலேயே 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்கு? அவர் தொடங்கினார், முடிக்கவில்லை. கல் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

ராமா காமத்திக்கோ அங்கே நான் தேடியவரையில் ஒரு கல்லும் கிடைக்கவில்லை. கல்லில் இருப்பது முழுதும் உண்மை என்றும் சொல்ல முடியாது, இல்லாதது நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அறுபது வயசுக்கு மேல் நான் கற்ற பாடம் இது.

நீங்களும் ஒருமுறை குழந்தைகளோடு போய்வாருங்கள். வி.டி. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். ஹார்னிமன் சர்க்கிள் பூங்காவுக்கு மேற்கே, வீர் நரிமன் சாலையில் இருக்கிறது. பூங்கா இருக்கும் இடம் அக்காலத்தில் பஞ்சுப் பொதிகள் அடுக்கிய மைதானம். 1844இல் பஞ்சு வியாபாரம் கொலாபாவுக்குப் போயிற்று. ஆலய வாசலில் உள்ள நீரூற்று, காவஸ்ஜி ஜஹாங்கீர் என்ற பார்சி வள்ளலின் கொடை. பழுதுபார்த்துப் புதுப்பித்ததற்காக 2004இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. வழிபாடு நடந்தால் ஓரமாய் நில்லுங்கள். ராமா காமத்தியும் அப்படித்தானே நின்றார்!

அன்றைக்கே சாயங்காலம் வாலுகேசுவரத்துக்கும் போய், பாணகங்கைக் குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதுவே தோதான இடம்.