இருட்டில் எய்த அம்புகள்

வில்லாளிகளுக்கு ஒரு விசித்திரமான தொல்லை உண்டு. 'டார்கெட் பேனிக்' என்பார்கள். நாணை முழுதாக இழுப்பதற்குள் விரல் தானாக அம்பை விட்டுவிடும். அல்லது குறி நடுவுக்குப் போகாமல் கை உறைந்துவிடும். நன்றாக எய்பவர்களையும் இது விடாது. வில்லையே ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு.

அர்ஜுனன் என்றதும் எல்லோரும் சொல்வது பறவையின் கண் கதை. மகாபாரதத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. அவன் சாப்பிடும்போது காற்றில் விளக்கு அணைகிறது. ஆனாலும் கை சரியாக வாய்க்குப் போகிறது. எல்லாம் பழக்கம்தான் என்று புரிந்துகொண்டு, இரவில் வில் பயிலத் தொடங்குகிறான்.

ஜப்பானில், அவசரப்பட்டு அம்பை விடும் இந்தத் தொல்லைக்கு 'ஹயாகே' என்று பெயர். அங்கே 1920களில் செண்டாய் நகரில் தத்துவம் கற்பித்த ஜெர்மானியர் ஒய்கென் ஹெரிகல், ஆவா கென்ஸோ என்ற குருவிடம் வில் பயின்றார். குரு அவரை ஆண்டுக்கணக்கில் பக்கத்திலிருந்த வைக்கோல் பொதியில் மட்டுமே எய்ய வைத்தார். ஒருநாள் இரவு குருவே இருட்டில் இரண்டு அம்புகள் எய்தார். இரண்டும் நடுவில் தைத்தன என்று 1948ல் வந்த தன் புத்தகத்தில் ஹெரிகல் எழுதினார்.

இன்றைய பயிற்சியாளர்களும் இதற்குச் சொல்லும் வைத்தியம் கிட்டத்தட்ட இதேதான். இலக்குத் தாளை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மிகப் பக்கத்தில் நின்று எய்யச் சொல்கிறார்கள். கைக்குப் பழக்கம் திரும்பிய பிறகுதான் இலக்கு திரும்ப வரும்.