பத்துக்கு ஒன்று: ஒரு தோல்வியின் வரலாறு

போடிநாயக்கனூரின் கடைத்தெருவில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் பெருஞ்சுவரென எழுந்து நிற்பதைக் காணலாம். அதன்மேல் ஏறிச் செல்லும் பாதை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகின்றது. அதற்கப்பால் ஏலத் தோட்டங்கள் தொடங்குகின்றன. தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெய்யும் ஆண்டுகளில் ஏலச் செடியை அழுகல் நோய் பற்றுவதுண்டு. காய்கள் அழுகி உதிரும், தட்டைகள் சாயும். அத்தகைய ஆண்டில் இருவகைத் தோட்டக்காரர்களை நாம் காணலாம். ஒருவர் மழையைப் பழித்துவிட்டு அடுத்த ஆண்டை எதிர்நோக்கியிருப்பார். மற்றவர் குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குவார். நீர் எங்கே தேங்கியது, நிழல் மரங்களின் கிளைகள் எங்கே அளவுக்கு மீறி அடர்ந்து வெளிச்சத்தை மறைத்தன என்று ஒவ்வொரு வரிசையாகப் பார்ப்பார். மழை தோட்டம் முழுவதற்கும் பொதுவாகத்தான் பெய்தது. ஆனால் எல்லா இடமும் ஒன்றுபோல் அழுகவில்லை. அவ்வேற்றுமைக்குக் காரணம் காண்பவரே அடுத்த ஆண்டு விளைச்சலைக் காப்பாற்றுவார்.

விளையாட்டில் நேரும் தோல்வியையும் இவ்வாறே ஆராய வேண்டும். ஏல மலையை அடுத்த மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் அணிகள் ஃபின்லே கேடயத்துக்காகக் கால்பந்து ஆடி வருவதை நீங்கள் அறிந்திருக்கலாம். மலையிலும் சமவெளியிலும் பந்தை உதைத்து மகிழும் இளைஞர்களுக்குப் பயன்படும் என்று கருதி, நம் நாட்டுக் கால்பந்து வரலாற்றிலே மிகப் பெரிய தோல்விகளுள் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

1952-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. விழாவின் தொடக்க நாள் ஜூலை 19. ஆனால் கால்பந்தின் முதற்கட்ட ஆட்டங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. ஜூலை 15-ஆம் நாள் இந்திய அணி யூகோஸ்லாவிய அணியை எதிர்த்து ஆடியது. ஆட்டம் முடிந்தபோது யூகோஸ்லாவியா 10 கோல்களும் இந்தியா 1 கோலும் பெற்றிருந்தன. நம் அணியின் ஒரே கோலை அகமது கான் ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் அடித்தார். ஒலிம்பிக் தீபம் ஏற்றப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே நம் அணியின் பயணம் முடிவுற்றது.

தோற்ற அணி எளிய அணியன்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1951 மார்ச்சு மாதத்தில், புது தில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அவ்வெற்றிக் கோலை அடித்தவர் மேவாலால். அணித் தலைவர் சைலேன் மன்னா. பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். ஹெல்சிங்கிக்கு அணியை அழைத்துச் சென்றவர்களும் இவ்விருவரே. ஆசியாவை வென்ற அணி பதினாறு மாதங்களுக்குள் பத்துக் கோல்களைப் பெறக் காரணம் யாது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஹெல்சிங்கித் தோல்விக்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. அவற்றுள் எவை கூடத்தின் கோணல், எவை ஆட்டத்தின் குறை என்று பிரித்தறிவதே நம் வேலை.

முதலில் கூறப்பட்ட காரணம் காலணி. நம் வீரர்களுள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். குளிர் நிறைந்த வடநாட்டில், பூட்சு அணிந்த எதிரிகளிடையே வெறுங்கால் ஆட்டம் எடுபடவில்லை என்றனர். இதில் உண்மை உண்டு. வழுக்கும் தரையில் வெறுங்கால் பிடிப்பை இழக்கும். பூட்சணிந்த காலோடு மோதுவதற்கு வெறுங்காலினர் தயங்குவது இயல்பு. எனினும் 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். அங்கும் நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே பிரெஞ்சு அணியை எதிர்த்தனர். கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளையும் தவறவிட்டனர். இருந்தும் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்துச் சமநிலை கண்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இரண்டாவது கோலை அடித்து 2-1 என்று வென்றது. வெறுங்கால் ஒன்றே காரணமாயின், இலண்டனில் ஒரு கோலில் தப்பிய ஆட்டம் ஹெல்சிங்கியில் ஒன்பது கோல் வேறுபாடாக விரிந்தது எவ்வாறு?

இரண்டாவதாகக் கூறப்பட்ட காரணம் உடல் வலிமை. தில்லி ஆசிய விழாவில் ஆட்டங்கள் 80 நிமிடங்களே நடந்தன. ஒலிம்பிக்கிலோ 90 நிமிடம் ஆட வேண்டும். நம்மவர் களைத்துப் போயினர் என்றனர். ஆனால் கோல்கள் விழுந்த நேரத்தை நோக்குங்கள். பத்துக் கோல்களுள் ஐந்து இடைவேளைக்கு முன்னரே விழுந்துவிட்டன. முதற்கோல் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வந்தது. களைப்பு முதற்காரணமாயின் கோல்கள் பிற்பகுதியில் அன்றோ குவிந்திருக்க வேண்டும்? வீரர்கள் புத்துணர்ச்சியோடு இருந்த வேளையிலேயே கோட்டை சரிந்ததென்றால், குறை உடலில் மட்டும் இல்லை. அணி நிறுத்தப்பட்ட முறையிலும் உண்டு என்பது தெளிவு.

அம்முறை யாது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். அக்காலத்தில் நம் அணி கோல்காவலருக்கு முன்னால் பின்வரிசையில் இருவர், நடுவரிசையில் மூவர், முன்வரிசையில் ஐவர் என்று நின்று ஆடியது. இது ஆங்கிலேயரின் பழைய முறை. வெள்ளையர் படைப் பிரிவுகள் நம் நாட்டு மைதானங்களில் ஆடியதைக் கண்டு நம்மவர் கற்றது. இம்முறையால் புகழும் பெற்றோம். 1911-ஆம் ஆண்டு கல்கத்தாவின் மோகன் பகான் அணியினர், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது விடுதலை வரலாற்றோடு சேர்த்துப் பேசப்படும் வெற்றியாகும். அவ்வெற்றி நாட்டுக்குப் பெருமை தந்தது. ஆனால் வெறுங்காலும் பழைய அணிவகுப்புமே என்றும் போதும் என்ற எண்ணத்தையும் அது ஓரளவு விட்டுச் சென்றது.

இதற்கிடையில் கால்பந்தின் விதியே மாறிவிட்டது. 1925-ஆம் ஆண்டு வரை, தாக்கும் வீரருக்கும் எதிரிக் கோல் எல்லைக்கும் இடையே மூன்று எதிரிகளேனும் இருந்தாலொழிய அவருக்குப் பந்து அளிக்கப்படும்போது அவர் ‘ஆப்சைடு’ எனப்படுவார். ஆகவே பின்காவலர் இருவருள் ஒருவர் சற்றே முன்னேறி நின்றாலும் எதிரியின் தாக்குதல் முறிந்துவிடும். இருவரே பின்வரிசைக்குப் போதுமாயிருந்ததன் இரகசியம் இதுவே. 1925-இல் மூவர் என்பது இருவர் என்று மாற்றப்பட்டது. கோல்காவலரும் வேறொருவரும் இருந்தால் போதும் என்றாயிற்று. உடனே கோல்கள் பெருகின. இங்கிலாந்தில் ஆர்சனல் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் போன்றோர் நடுவரிசையின் நடுவீரரைப் பின்னுக்கு இழுத்து, இரு பின்காவலர்க்கும் இடையே மூன்றாமவராக நிறுத்தினர். இரு பின்காவலரும் ஓரங்களுக்கு நகர்ந்து எதிரியின் ஓர வீரர்களைக் கவனித்தனர். முன்வரிசை ஐவருள் இருவர் பின்வாங்கி நடுக்களத்துக்குத் துணை நின்றனர். டபிள்யூ, எம் என்னும் ஆங்கில எழுத்துக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியது போலத் தோன்றியமையால் இது ‘டபிள்யூ-எம்’ முறை என்று பெயர் பெற்றது.

1952-இல் ஐரோப்பாவுக்கு இது பழகிய பாடம். நம் அணியோ இருவர் காவலோடு களம் இறங்கியது. எதிரே ஐந்து முன்னணி வீரர்கள். அவர்களோடு இணைந்து முன்னேறும் நடுவரிசையினர். நம் காவலர் நடுவைக் காத்தால் ஓரம் திறக்கும். ஓரத்துக்கு ஓடினால் நடு திறக்கும். இதற்கு அந்த ஆட்டத்தின் கோல் கணக்கே சான்று. யூகோஸ்லாவியாவின் பத்துக் கோல்களுள் பிராங்கோ ஜெபெக் 4, ஓக்னியானோவ் 2, மிட்டிச் 2, வுகாஸ் 2 என்று அடித்தனர். ஜெபெக் இடது ஓரத்திலும் ஓக்னியானோவ் வலது ஓரத்திலும் ஆடியவர்கள். பத்துக்கு ஆறு கோல்கள் ஓர வீரர்களுடையவை! நீர் எங்கே தேங்கியது என்று கேட்ட ஏலத் தோட்டக்காரருக்கு விடை கிடைத்தது போல, கோட்டையின் எப்பக்கம் திறந்து கிடந்தது என்பதற்கு விடை இங்கே கிடைக்கின்றது.

எதிரியின் பெருமையையும் நாம் மறத்தலாகாது. யூகோஸ்லாவியா 1948-இல் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணி. ஹெல்சிங்கியிலும் அது இறுதி ஆட்டம் வரை சென்று, ஹங்கேரியிடம் 0-2 என்று தோற்று மீண்டும் வெள்ளியே பெற்றது. ஜெபெக் அவ்விழாவில் 7 கோல்கள் அடித்தார். வலிய அணியிடம் தோற்பது இழுக்கன்று. தோற்றதன் காரணத்தை அறியாதிருப்பதே இழுக்கு.

நம் நாட்டார் அறிந்துகொண்டனரா? அறிந்துகொண்டனர் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. முதலில், சர்வதேச ஆட்டங்களில் வெறுங்கால் ஆட்டத்துக்கு முடிவு கட்டப்பட்டது. வீரர்கள் பூட்சு அணிய வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதித்தது. அடுத்து, மூன்று பின்காவலர் முறை நம் நாட்டில் வேரூன்றலாயிற்று. இம்மாற்றத்துக்கு முன்னின்று உழைத்தவர் ரஹீம். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாடம் கற்பிக்கும் பொறுமையோடு ஆட்டத்தையும் கற்பித்தார்.

ஆயினும் மருந்து உண்டவுடனே நோய் நீங்கிவிடவில்லை. 1954-இல் மணிலாவில் நடந்த ஆசிய விழாவில் இந்தியா ஜப்பானை 3-2 என்று வென்றும், இந்தோனேசியாவிடம் 0-4 என்று தோற்று வெளியேறியது. முன்பு தங்கம் வென்ற நாடு அரையிறுதியைக்கூட எட்டவில்லை. புதிய பழக்கம் கைவர நாளாகும் என்பதற்கு இது சான்று.

1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் வந்தது. ரஹீமின் பயிற்சியில் சென்ற அணி, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா தனியே மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் எதிரே நின்ற அணி எது தெரியுமா? அதே யூகோஸ்லாவியா!

நான்கு ஆண்டுகளுக்கு முன் இடைவேளைக்குள் ஐந்து கோல் அடித்த அணி, இம்முறை இடைவேளை வரை ஒரு கோலும் அடிக்க இயலவில்லை. பிற்பகுதியில் முதற்கோலை அடித்ததும் இந்தியாவே, அடித்தவர் டிசோசா. பின்னர் யூகோஸ்லாவியர் விரைவாக மீண்டு 4-1 என்று வென்றனர் என்பது உண்மை. நாம் தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 0-3 என்று தோற்று நான்காம் இடம் பெற்றோம். ஆனால் பத்துக்கு ஒன்று என்பதற்கும் நான்குக்கு ஒன்று என்பதற்கும் இடையே உள்ள தொலைவு ஆறு கோல்கள் மட்டுமன்று. நான்கு ஆண்டுகளின் சிந்தனையும் உழைப்பும் அத்தொலைவில் அடங்கியுள்ளன. இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் எய்திய உயர்ந்த இடமும் அதுவே.

அக்காலத்தில் வளர்ந்தவருள் நம் தமிழ் நாட்டு மலையோடு தொடர்புடைய ஒருவரையும் குறிப்பிட வேண்டும். அவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சேர்ந்தபோது அவர் முன்வரிசை வீரர். பின்னரே கோல்காவலர் ஆனார். அந்த அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்றது. ஒருவரை அவருக்கு ஏற்ற இடத்தில் நிறுத்துவதும் ஆட்ட நுட்பங்களுள் ஒன்று என்பதற்குத் தங்கராஜ் நல்ல எடுத்துக்காட்டு.

1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விழாவில் இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அணி கலங்கவில்லை. தொடர்ந்து வென்று இறுதி ஆட்டத்தை அடைந்தது. அங்கே எதிர்ப்பட்டது அதே தென் கொரியா. தலையில் காயமுற்றிருந்த பின்காவலர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். கோலைக் காத்தவர் தங்கராஜ். பி.கே.பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் சிங் ஒன்றுமாகக் கோலடிக்க, இந்தியா 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. முதல் ஆட்டத்தில் தோற்ற எதிரியை இறுதி ஆட்டத்தில் வென்ற அந்த அணியை உருவாக்கிய ரஹீம், அப்போதே கொடிய நோயுற்றிருந்தார். 1963 ஜூன் மாதத்தில் அவர் காலமானார்.

அதன்பின் நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்குக்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் களத்தில் ஆடவேயில்லை. ஆசிய விழாவிலும் 1962-க்குப் பின் தங்கம் கிட்டவில்லை. உலகம் ஆட்ட முறைகளை மாற்றிக்கொண்டே செல்லும். ஒருமுறை கற்ற பாடத்தோடு நின்றுவிடுபவர் மீண்டும் பின்தங்குவர். 1911-இன் வெற்றியில் மயங்கியது போலவே 1962-இன் வெற்றியிலும் மயங்கலாகாது அன்றோ?

மாணவ நண்பர்களே, நாளை மாலை உங்கள் பள்ளி அணி தோற்றுவிட்டால், நடுவரையும் மைதானத்தையும் மழையையும் பற்றிப் பேசுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் கோல் விழுந்தது, எந்தப் பக்கத்திலிருந்து பந்து வந்தது, அப்போது நம்மவர் யார் எங்கே நின்றார் என்று எழுதுங்கள். எழுதி முடித்தால், யாரையும் பழிக்காமலே குறை தானே கண்ணுக்குத் தெரியும். தெரிந்த குறையை மறுநாள் பயிற்சியில் திருத்தத் தொடங்குங்கள். தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற விடைத்தாளையும் இவ்வாறே பார்க்கலாம்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்ததும் ஏல மலைத் தோட்டக்காரர் வடிகாலை ஆழப்படுத்துகிறார். நிழல் மரங்களைக் கவாத்துச் செய்கிறார். அடுத்த பருவமழை வரும் என்பது அவருக்குத் தெரியும். மழையை நிறுத்த அவரால் இயலாது. தோட்டத்தைச் செம்மைப்படுத்த இயலும். ஹெல்சிங்கியிலிருந்து மெல்போர்னுக்குச் சென்ற நம் அணி செய்ததும் அதுவே.