பக்கிங்காம் கால்வாயில் படகுப் போக்குவரத்து

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி, ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து தமிழகத்தின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீளம் கொண்டது பக்கிங்காம் கால்வாய். பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழிமுகம், கூவம், அடையாறு, முட்டுக்காடு உப்பங்கழி, பாலாற்று முகத்துவாரம் ஆகியவற்றை இது ஒரே நீர்வழியாக இணைக்கிறது. வடமுனையில் கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக் கால்வாய்களோடு சேர்வதால், ஒரு காலத்தில் காக்கிநாடாவில் ஏற்றிய சரக்கு கடலைத் தொடாமலே மரக்காணம் வரை வந்து சேர முடிந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து எட்ட நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலையில் புகுந்து சரக்கை இறக்கின. ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் ஆபத்தான வேலை. தரைவழியே மாட்டுவண்டிகள் ஆற்றுக்கு ஆறு தடைபட்டு நின்றன. விறகும் உப்பும் தானியமும் நகரத்துக்குத் தடையின்றி வர உள்நாட்டு நீர்வழி ஒன்று தேவைப்பட்டது.

1801இல் சென்னையிலிருந்து வடக்கே கால்வாய் வெட்டும் வேலை தனியார் முயற்சியாகத் தொடங்கியது. 1806இல் எண்ணூர் வரையிலான சுமார் 18 கி.மீ. முடிந்தது. வணிகர் பாசில் காக்ரேன் பெயரால் அது ‘காக்ரேன் கால்வாய்’ எனப்பட்டது. 1837இல் அரசு அதை ஏற்றுக்கொண்டு, வடக்கிலும் தெற்கிலும் படிப்படியாக நீட்டியது. ஆனால் நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கி.மீ. வெட்டப்படாமலே கிடந்தது. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய மக்களுக்குக் கூலி தரும் நிவாரணப் பணியாக அந்தத் துண்டு தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய் முழுவதற்கும் நிலைத்தது.

இது கடலின் ஏற்றவற்றத்தை நம்பிய உவர்நீர்க் கால்வாய். முகத்துவாரங்கள் வழியே ஏறிய நீர் வற்றத்தில் வடிந்துவிடாமல் இருக்க, கால்வாய் ஆற்றைச் சந்திக்கும் இடங்களில் ‘லாக்கு’ எனப்பட்ட இரட்டைக் கதவு மதகுகள் கட்டப்பட்டன. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடப்படும். திறப்புகள் வழியே நீரை விட்டோ வடித்தோ அடுத்த பக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு முன்கதவு திறக்கப்படும். வற்ற வேளையில் வந்த படகுகள் ஏற்றத்துக்காகக் காத்துக் கிடப்பதும் உண்டு.

படகுகள் அகன்று, அடி தட்டையாக இருந்தன. ஆழம் குறைந்த நீரில் தரை தட்டாமல் போக அதுவே ஏற்றது. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் பாய்மரத்தில் நீண்ட கயிற்றைக் கட்டி, ஆட்கள் கரைமேட்டில் நடந்தபடி இழுப்பார்கள். படகு கரையில் முட்டாமல் ஒருவர் சுக்கான் பிடிப்பார். இன்னொருவர் கழியை ஊன்றித் தள்ளுவார். பாலம் வந்தால் பாய்மரத்தைச் சாய்க்க வேண்டும். கரையில்லாத ஏரிப் பரப்பில் கயிறு பயன்படாது. அங்கே பாயும் கழியும்தான்.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகு, கடலோர உப்பளங்களின் உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், நெல், கருவாடு ஆகியவை முக்கியச் சரக்குகள். சென்னையின் விறகுத் தொட்டிகள் பல கால்வாய்க் கரையிலேயே அமைந்தன. படகுகள் ஒதுங்கி நின்ற நீர்த்தேக்கத்தின் நினைவு பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

பயணிகளும் இவ்வழியைப் பயன்படுத்தினர். மாமல்லபுரம் செல்வோர் மாலையில் படகேறி, இரவெல்லாம் உறங்கி, காலையில் ஊருக்கு மேற்கே இறங்குவர். 1934இல் கவிஞர் பாரதிதாசன் ஜீவா முதலிய நண்பர்களோடு இப்படிச் சென்றுவந்தார். அந்தப் பயணமே அவருடைய ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதைக்குப் பொருள்.

1899இல் சென்னை–விஜயவாடா ரயில்பாதை இணைந்ததும் தொலைதூரச் சரக்கும் பயணிகளும் ரயிலுக்கு மாறினர். மலிவான, கனமான சரக்கு மட்டும் படகிலேயே தொடர்ந்தது. சாலைகள் மேம்பட்டு லாரிகள் பெருகியதும் அதுவும் குறைந்தது. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தன. நகருக்குள் கழிவுநீர் கலந்தது, தூர் ஏறியது. பிற்பாடு பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழுந்தன.

2008இல் மத்திய அரசு இக்கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4இன் ஒரு பகுதியாக அறிவித்தது. ஆனால் தூர்வாருதலும் மதகுப் பராமரிப்பும் இல்லாமல் எந்த அறிவிப்பாலும் இங்கே படகு ஓடாது. சென்னை நகருக்குள் படகுப் போக்குவரத்து இன்னும் மீளவில்லை.