கேமரன் மலைத் தோட்டங்களும் பதிவில்லா மருந்துக்கான தண்டனையும்

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ல் தொடங்கியது. இத்தகைய தோட்டங்களில் காய்ச்சலுக்கும் முட்டிவலிக்கும் தொழிலாளர்கள் முதலில் தேடிப் போனது தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸரைத்தான். டிரெஸர்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவர 1965-ல் தனிச்சட்டமே வந்தது. மாத்திரை எங்கிருந்து வருகிறது என்று கேட்பதோ வேறு சட்டம்: 1952-ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டமும், அதன்கீழ் வந்த 1984-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு விதிகளும்.

விதி 7(1)-இன்படி, பதிவு பெறாத மருந்தைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது மட்டுமல்ல, கைவசம் வைத்திருப்பதும் குற்றம். அந்த மருந்தால் யாருக்கும் கெடுதல் நேர்ந்ததாகக் காட்ட வேண்டியதில்லை. மருந்து பதிவானதாகவே இருந்தாலும், ஆலைக்கும் மொத்த வியாபாரிக்கும் தனித்தனி உரிமம் வேண்டும்.

இதற்கான தண்டனை 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. தனிநபருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்; மறுபடி சிக்கினால் 50,000 ரிங்கிட், 5 ஆண்டு. நிறுவனத்துக்கு 50,000, அடுத்த முறை ஒரு லட்சம். எல்லாமே உச்சவரம்புதான். பெரிய சரக்குக்காரருக்கு இது வியாபாரச் செலவோடு செலவாகப் போய்விடக்கூடிய தொகை.

கேமரன் மலையின் தானா ராத்தா நகரக் கடையில் மருந்து வாங்குபவர் பார்க்க வேண்டியது பெட்டியின் மேல் உள்ள பதிவு எண்ணை. ‘மால்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. அது ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்றால் ஊட்டச்சத்துப் பொருள். கூடவே ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். மூட்டுவலிக்கான ‘மூலிகை’ மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுவது நல்லது. முகம் வீங்குவதும் சர்க்கரை ஏறுவதும் பின்னால் வரும்.

இந்தியாவில் உள்ள ஊருக்குப் போய்த் திரும்புகிறவரின் பெட்டியில் லேகியம் இருக்கத்தான் செய்யும். சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு வரை விதி விலக்குத் தருகிறது. அதையே தோட்டத்து லயத்து வீடுகளில் பங்கு போட்டு விற்றால் அவரும் விதி 7-க்குள் வந்துவிடுகிறார்.

இந்தியச் சட்டம் இன்னும் கடுமையானது. 1940-ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, உரிமமின்றித் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் பொதுவாகக் குறைந்தது 3 ஆண்டு சிறை என்கிறது. அபராதமும் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அல்லது பிடிபட்ட சரக்கின் மதிப்பைப்போல் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. கலப்பட மருந்தால் உயிர் போனால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. ஆனாலும் 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உரிமம் வைத்திருந்த ஆலையிலிருந்துதான் வந்தது. தமிழக அரசின் ஆய்வில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.