பட்டைத்தலை வாத்து

பட்டைத்தலை வாத்து அல்லது வரித்தலை வாத்து (அறிவியல் பெயர்: அன்செர் இண்டிகசு) என்பது நடு ஆசியாவின் மேட்டுநில ஏரிகளில் இனப்பெருக்கம் செய்யும் ஒரு நீர்ப்பறவை ஆகும். குளிர்காலத்தில் இவற்றுள் பல இமயமலையைக் கடந்து இந்தியத் துணைக்கண்டத்துக்கு வலசை வருகின்றன. உலகில் மிக உயரத்தில் பறக்கும் பறவைகளுள் இதுவும் ஒன்றாகும்.

தோற்றம்

இதன் உடல் வெளிர் சாம்பல் நிறமானது. வெண்ணிறத் தலையின் பின்புறம் குறுக்காக அமைந்த இரண்டு கரும்பட்டைகளே இதன் பெயருக்குக் காரணம். இளம் பறவைகளுக்கு இப்பட்டைகள் இரா. வளர்ந்த பறவை ஏறத்தாழ 71 முதல் 76 செ.மீ. நீளமும் 2 முதல் 3 கிலோகிராம் எடையும் கொண்டது. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் உடையவை.

பரவலும் வலசையும்

மங்கோலியா, கிர்கிசுத்தான், திபெத்து, சிங்காய், லடாக் ஆகிய பகுதிகளின் ஏரிக்கரைகளிலும் ஏரித் தீவுகளிலும் இவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. புல்லும் பிற தாவரங்களும் முதன்மை உணவாகும். குளிர்காலத்தில் வயல்களில் இறங்கித் தானியங்களையும் உண்ணும். தெற்கே கருநாடகம் வரையிலும், தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள கூந்தன்குளம் பறவைகள் காப்பகம் வரையிலும் இவை வருகின்றன.

உயரத்திற்கேற்ற தகவமைப்புகள்

கடல் மட்டத்திலிருந்து 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. சிறகடித்துப் பறப்பதற்கு ஓய்வு நிலையைவிடப் பல மடங்கு ஆக்சிசன் தேவை. இக்குறையைப் பின்வரும் தகவமைப்புகள் ஈடுசெய்கின்றன.

* இதன் ஈமோகுளோபின், தாழ்நில வாத்துகளின் ஈமோகுளோபினைவிட ஆக்சிசனை இறுகப் பற்றுகிறது. புரதத்தில் ஏற்பட்ட சிறு அமினோ அமில மாற்றமே இதற்கு முதன்மைக் காரணம்.
* உடல் அளவுடன் ஒப்பிடும்போது நுரையீரல்கள் பெரியவை. மூச்சும் ஆழமானது.
* பறத்தல் தசைகளில் இரத்த நுண்குழாய்கள் மிகுதி.

பறக்கும் முறை

இப்பறவை எவரெசுட்டு சிகரத்துக்கு மேலே பறப்பதாக நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தது. ஆயினும் கருவிகள் பொருத்தி ஆய்ந்ததில் பதிவான மிகக் கூடிய உயரம் ஏறத்தாழ 7,290 மீட்டரே. பெரும்பாலான பறவைகள் 6,000 மீட்டருக்குக் கீழேயே பறந்தன. 2011 இல் வெளியான ஆய்வு, இவை மேலெழும் காற்றின் உதவியை நாடாமல், காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் மலையேறுவதைக் காட்டியது. 2015 இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, இவை நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே பறக்கின்றன. உயரம் கூடக்கூடச் சிறகடிக்கும் வேகமும் இதயத்துடிப்பும் கூடுவதால், தொடர்ந்து உயரத்தில் இருப்பதைவிடத் தாழ்ந்து மீண்டும் ஏறுவதே குறைந்த ஆற்றலில் முடிகிறது.

அச்சுறுத்தல்கள்

இவ்வினம் உலக அளவில் தீவாய்ப்பு குறைந்த இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் பெருங்கூட்டமாக ஒரே ஏரியில் கூடும் இயல்பு, நோய்க்காலத்தில் தீங்காக முடிகிறது. 2005 இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சல் (எச்5என்1) பரவியபோது ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இறந்தன. அவற்றுள் பட்டைத்தலை வாத்துகளே மிகுதி. இவ்வினத்தின் மொத்த எண்ணிக்கையில் 5 முதல் 10 விழுக்காடு அழிந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. ஈரநிலங்கள் சுருங்குவதும் வேட்டையும் பிற அச்சுறுத்தல்களாகும்.