ஃபல்ஸின் மூதாதை: கொங்கு நாட்டில் உரோமச் செப்புக்காசுகள்

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பிய நம்மவர் எவருக்கும் 'ஃபில்ஸ்' என்னும் சொல் புதிதன்று. குவைத்திலும் பஹ்ரைனிலும் ஆயிரம் ஃபில்ஸ் சேர்ந்தது ஒரு தீனார். ஐக்கிய அரபு அமீரகத்தில் நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹம். அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹு நூல்களைக் கற்கும் மாணவர்கள் அதே சொல்லை 'ஃபல்ஸ்' என்றும், பன்மையில் 'ஃபுலூஸ்' என்றும் காண்கின்றனர். கையில் ஃபுலூஸ் தவிர வேறெதுவும் எஞ்சாத அளவுக்கு நொடித்தவனே 'முஃப்லிஸ்' என்று அகராதி அறிஞர்கள் விளக்குவர். எனினும் இச்சொல் அரபு மண்ணில் பிறந்ததன்று. 'ஃபொல்லிஸ்' என்னும் இலத்தீன் சொல் கிரேக்கத்தின் வழியாக அரபிக்குள் வந்தது. தோற்பையைக் குறித்த அச்சொல், பிற்காலத்தில் உரோமரின் செப்புக்காசுக்குப் பெயராயிற்று. தீனார் என்பது உரோமரின் 'தெனாரியஸ்' என்பதன் வழிவந்தது. திர்ஹம் கிரேக்கரின் 'திராக்மா'. முன்னது ஆல இம்ரான் அத்தியாயத்தின் 75ஆம் வசனத்திலும், பின்னது யூசுஃப் அத்தியாயத்தின் 20ஆம் வசனத்திலும் இடம்பெற்றுள்ளன.

இச்சொற்களோடு தொடர்புடைய உரோமக் காசுகள் நமது கொங்கு மண்ணுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் பொன்னையும் வெள்ளியையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். எளிய செப்புக்காசைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சிறிய பொருட்செலவில் ஒருவர் திரட்டக்கூடிய பழங்காசும் அதுவே. எளிதில் அழிந்து போவதும் அதுவே. ஆகவே அதனைப் பற்றி இங்குச் சிறிது ஆராய்வோம்.

பல்லடம் இன்று விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் பெயர்பெற்ற ஊர். 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோவையிலிருந்து சூலூர், பல்லடம், காங்கேயம், வெள்ளக்கோவில் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் இது அமைந்துள்ளது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையையும், சேரரின் கரூரையும் இணைத்த பண்டைய வழிகள் இந்த நொய்யல் சமவெளியினூடே சென்றன. முசிறித் துறையில் யவனர் கலங்கள் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்றதை அகநானூறு குறிக்கிறது. கொங்கின் பச்சைக்கல்லும் இரும்பும் அவ்வணிகத்தில் இடம்பெற்றன. காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூர் பச்சைக்கல்லுக்குப் பெயர்போனது. நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகள், கல்மணி செய்யும் தொழிலும் இரும்புருக்கும் தொழிலும் அங்குச் செழித்திருந்ததை மெய்ப்பித்தன.

இவ்வணிகத்தின் சான்றாகக் கிடைத்த காசுப் புதையல்கள் பல. 1800ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கு அருகே ஒரு பானை நிறைய உரோம வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 1842இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் 500க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன; 1891இல் அதே ஊரில் மேலும் ஒரு புதையல் கிடைத்தது. இவற்றுள் மிகுதியானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் தெனாரியஸ் காசுகள். கி.பி. 64இல் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். அதற்கு முற்பட்ட வெள்ளியையே நம் வணிகர்கள் விரும்பினர் என்பதை இப்புதையல்கள் காட்டுகின்றன. உலோகத்தின் தரத்தை எடைபோட்டு வாங்கிய மக்கள் நம் முன்னோர். அவர்களுக்கு அக்காசுகள் பெரிதும் உலோகமாகவே பயன்பட்டன எனலாம்.

செப்புக்காசின் கதை வேறு. அது பெரும்பாலும் கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும், மதுரையிலும், இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்திலும் இவ்வகைக் காசுகள் கிடைத்துள்ளன. அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், அர்க்காடியஸ் ஆகியோரின் காசுகள் மண்ணடுக்கிலிருந்தே எடுக்கப்பட்டன. கரூரிலும் மதுரையிலும் கிடைத்தவற்றைத் திரட்டி ஆராய்ந்து 1994இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர், தினமலர் ஆசிரியராக விளங்கி 2021இல் மறைந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அதுவரை தேய்ந்த செம்புத்துண்டுகள் என ஒதுக்கப்பட்டவை வரலாற்றுச் சான்றுகளாக மதிப்புப் பெற்றன.

ஒரு கிராம் எடையுள்ள செம்பைக் கடல்கடந்து கொண்டுவந்து யாது பயன் என்னும் வினா இங்கு எழுகிறது. பொன் எங்கும் பொன்னே; செம்போ தன் எடைக்குரிய விலைக்குமேல் ஒரு மதிப்பைத் தாங்கி நிற்க வேண்டுமாயின், வாங்குவோரும் விற்போரும் அதனை ஏற்றாக வேண்டும். நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இந்நுட்பத்தை நன்கு உணர்ந்திருந்தனர். ஒரு ஃபல்ஸைக் குறித்துக்காட்டி, இரு ஃபல்ஸுக்கு விற்கலாமா என்னும் பிரச்சினையில், இமாம் அபூ ஹனீஃபாவும் அபூ யூசுஃபும் ஆகும் என்றனர். இமாம் முஹம்மத் ஆகாது என்றார். பொன்னும் வெள்ளியும் இயல்பிலேயே பணம். செம்போ மக்களின் வழக்கால் பணமாவது என்பதே இவ்விவாதத்தின் அடிப்படை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் பஞ்சத்தைப் பற்றி எழுதிய அல்-மக்ரீஸி, செப்பு ஃபுலூஸ் பெருகியதையும் அத்துயரின் காரணங்களுள் ஒன்றாகக் கண்டார்.

இலங்கையின் சான்று இவ்வினாவுக்கு விடை தருகிறது. அங்கே உரோமச் செப்புக்காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றோடு, உள்ளூரிலேயே அவற்றைப் பார்த்து அடிக்கப்பட்ட போலிகைகளும் ஏராளம். எழுத்தறியாத கைகள் இலத்தீன் எழுத்துகளை வெறும் கோடுகளாகப் பொறித்தன. ஒரு காசு சந்தையில் செல்லுபடியாகாவிடில் அதனைப் பார்த்து மற்றொன்றை அடிக்க எவரும் முனையார். எனவே அக்காசுகள் உலோகத்துக்காக மட்டுமன்றி, அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கும் பயன்பட்டன என்று கொள்வதே பொருத்தம். வெள்ளலூரின் வெள்ளி பெருவணிகரின் பேழையைப் பற்றிப் பேசுகிறது. இச்செம்பு உப்பும் எண்ணெயும் வாங்கிய எளியோரின் மடியைப் பற்றிப் பேசுகிறது.

இக்காசுகளைப் படிப்பது கடினமன்று. முன்புறம் பேரரசரின் தலையும் பெயரும் இருக்கும். பின்புற உருவமே காலத்தைக் காட்டும். ஈட்டியேந்திய இரு வீரர்கள் நிற்க, அவர்களுக்கிடையே இரு கொடிக்கம்பங்கள் இருப்பின் அது கி.பி. 330க்குப் பின்வந்த சில ஆண்டுகளைச் சேர்ந்தது. ஒரே கம்பமாயின் அதற்கும் சற்றுப் பிந்தியது. குதிரையிலிருந்து வீழும் பகைவனை வீரன் ஒருவன் குத்தும் காட்சி கி.பி. 348க்குப் பிற்பட்டது. வெற்றித் தெய்வம் ஒரு கைதியை இழுத்துச் செல்லும் சின்னஞ்சிறு காசு கி.பி. 388க்குப் பிற்பட்டது. அடிப்பகுதியிலுள்ள எழுத்துகள் அக்கசாலையின் பெயரைச் சுட்டும். அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா எனப் பின்னாளில் இஸ்லாமிய வரலாற்றில் இடம்பெற்ற நகரங்களை அவற்றில் காணலாம்.

கி.பி. 498இல் பேரரசர் அனஸ்தாசியஸ் நாற்பது சிறுகாசு மதிப்புள்ள பெரிய ஃபொல்லிஸை வெளியிட்டார். நாற்பதைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான 'மூ' அதன் பின்புறம் பெரிதாகப் பொறிக்கப்பட்டது. ஷாம் தேசம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபின்னும் மக்கள் கையில் புழங்கிய காசு இதுவே. ஹிம்ஸ் நகரில் அடிக்கப்பட்ட தொடக்ககாலக் காசுகளில், நல்லது எனப் பொருள்தரும் 'கலோன்' என்னும் கிரேக்கச் சொல் ஒருபுறமும், அதே பொருளுள்ள 'தய்யிப்' என்னும் அரபுச் சொல் மறுபுறமும் உள்ளன. இரு மொழி மக்களும் ஏற்கவேண்டும் என்பதற்கான உறுதிமொழி அது. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் உருவமற்ற, எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டபின் ஃபல்ஸும் அவ்வழியே மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை.

இக்காசுகளின் விலை இன்றும் எளியதே. உலகச் சந்தையில், தேய்ந்த நான்காம் நூற்றாண்டுச் செப்புக்காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பூதக்கண்ணாடியும் சிறு தராசும் பொறுமையுமே திரட்டுவோருக்குத் தேவையானவை. அடித்துச் செய்த காசுக்கும் வார்த்தெடுத்த போலிக்கும் உள்ள வேறுபாட்டை விளிம்பில் ஓடும் வார்ப்புக்கோடும், மழுங்கிய எழுத்துகளும், ஒவ்வாத எடையும் காட்டிக்கொடுக்கும். பச்சைக் களிம்பைப் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டுப் பாத்திரத்துக்குப் பொருந்தும். காசுக்கு அது கேடு. களிம்போடு எழுத்தும் போய்விடும்.

ஆயினும் விலையின் எளிமையே இக்காசுக்குப் பகையாகவும் அமைந்துள்ளது. ஆற்றுமணலில் அகப்படும் செம்பு, பழைய உலோகக் கடைக்கு எடைக்குப் போகிறது. அல்லது ஊர்ப்பெயர் இழந்து கைமாறுகிறது. எங்குக் கிடைத்தது என்னும் செய்தியை இழந்த காசு, உரோமில் என்ன அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லுமேயன்றி, கரூருக்கு யார் வந்தார் என்பதைச் சொல்லாது.

புதையலைப் பற்றிய நம் மார்க்கச் சட்டம் இங்கு நினைவுகூரத்தக்கது. கிடைத்த காசில் இஸ்லாமிய அடையாளம் இருப்பின் அதனை 'லுகதா' எனக் கொண்டு, உரியவரைத் தேடி அறிவிப்புச் செய்ய வேண்டும். முற்கால அடையாளம் இருப்பின் அது 'ரிகாஸ்', அதில் ஐந்திலொரு பங்கு செலுத்தப்பட வேண்டும் என ஃபுகஹாக்கள் வகுத்தனர். அதாவது, காசைப் படித்தறியாமல் தீர்ப்பே சொல்ல இயலாது. பொறிப்பைப் படிப்பது அவர்களுக்குக் கடமையின் ஒரு பகுதியாயிருந்தது. ஜகாத் பாடத்தில் இவ்விதியைக் கற்பிக்கும் நாம், மாணவர் கையில் ஒரு பழங்காசையும் கொடுத்துப் படிக்கச் செய்வது பாடத்துக்கு உரமூட்டும்.

நாட்டின் சட்டமும் தெளிவானது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அன்றைய பத்து ரூபாய் பெருந்தொகை. இன்றோ ஒரேயொரு செப்புக்காசும் அவ்வரம்பைக் கடந்துவிடுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், உரிமம் இன்றித் தொல்பொருள் வணிகம் செய்வதையும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் தடுக்கிறது. எனவே திரட்ட விரும்புவோர் உரிமம் பெற்ற வணிகரிடம் ரசீதுடன் வாங்குதல் வேண்டும். நிலத்திலோ ஆற்றிலோ கண்டெடுத்ததை ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். ஒவ்வொரு காசையும் தனிக் காகித உறையிலிட்டு, எடை, விட்டம், வாங்கிய இடம், கிடைத்ததாகச் சொல்லப்படும் ஊர் ஆகியவற்றை எழுதிவைத்தல் நலம்.

இங்கிலாந்தில் 1997 முதல், வயலில் கிடைக்கும் தேய்ந்த உரோமச் செப்புக்காசையும் இடம் குறித்துப் பதிவுசெய்யும் திட்டம் நடந்துவருகிறது. அத்தகைய பதிவு கொங்கு நாட்டிலும் தொடங்கப்பெற வேண்டும். கரூரிலும் கோவையிலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. ஊர்தோறும் பள்ளிகளும் கல்லூரிகளும் மதரஸாக்களும் உள்ளன. இவை இணைந்தால் அப்பணி அரியதன்று. பொற்காசை உருக்கினாலும் பொன் எஞ்சும். செப்புக்காசை உருக்கினால், எழுதப்படாத ஒரு சந்தையின் கணக்கு அதனோடு அழியும்.